கணக்குப்பிள்ளை தேர்ந்தெடுத்த ஸ்பீக்கர்

டிசையர், அமேஸ், ஆரா, டிகோர் போன்ற சிறிய செடான் வைத்திருப்பவர்கள் கம்பெனி ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வேறு போடுவது காசுக்குப் பிடித்த கேடு என்று சென்ற இதழில் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் அடுக்கும் காரணங்கள் ஐந்து. ஆராய்ச்சி செய்து வண்டியை வடிவமைத்த இன்ஜினியர்களுக்குத் தெரியாதது அக்சசரிஸ் கடைப் பையனுக்குத் தெரியுமா? ஓடும் வண்டியின் இரைச்சலில் எந்த ஸ்பீக்கராக இருந்தால் என்ன? போனிலிருந்து வரும் பாட்டே சுமார்தானே? வயரில் கைவைத்தால் வாரண்டி போய்விடாதா? கடைசியாக அவருடைய சகலை. மனிதர் பணத்தைக் கொட்டி ஸ்பீக்கர் மாற்றினாராம். முன்பைவிட மோசமாகக் கேட்கிறதாம்.

இந்த ஐந்தில் ஒன்று பாதி உண்மை. மூன்று, விசாரிக்காமல் சொன்னவை. சகலை விவகாரமோ கட்டுரையாளர் தனக்கு எதிராகத் தானே கூண்டில் ஏற்றிய சாட்சி.

முதலில் இன்ஜினியர்கள். “அவர்கள் என்ன முட்டாள்களா?” என்று கேட்கிறார். இல்லை, கெட்டிக்காரர்கள். ஆனால் அந்தக் கெட்டிக்காரர்களிடம் என்ன வேலை கொடுக்கப்பட்டது என்று அவர் கேட்டுப் பார்க்கவில்லை. ஷோரூமுக்குப் போய் ஏதாவது ஒரு மாடலின் வேரியண்ட் பட்டியலை வாங்கிப் படித்திருந்தாலே போதும். பல மாடல்களில் கடைசிப் படியில் இருக்கும் வேரியண்டுக்குப் பாட்டுப் பெட்டியே கிடையாது. அடுத்த படிக்கு இரண்டோ நான்கோ ஸ்பீக்கர். உச்சியில் இருப்பவருக்கு நான்கோடு இரண்டு ட்வீட்டரும் சேர்த்து. மூன்றிலும் கதவு ஒன்றுதான், கேபின் ஒன்றுதான், ஓட்டுபவரின் காது இருக்கும் உயரமும் ஒன்றுதான். ஒலியியல் பார்த்து முடிவு செய்திருந்தால் மூன்றுக்கும் ஒரே விடை அல்லவா வந்திருக்க வேண்டும்? வித்தியாசப்படுவது விலை ஒன்றுதான். போதாக்குறைக்கு, அதே ஷோரூமில் அக்சசரிஸ் கவுண்டரில் வேறு ஸ்பீக்கர்களையும் விற்கிறார்கள். தொடக் கூடாத பொருளுக்கு மாற்றைக் கம்பெனிக்காரனே ஏன் விற்கிறான் என்று கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.

இந்த வண்டி வகை பிறந்த கதையும் அவருக்குச் சாதகமாக இல்லை. 2006 மத்திய பட்ஜெட்டில், நீளம் 4 மீட்டருக்கும், இன்ஜின் பெட்ரோலில் 1200 சி.சி.க்கும் டீசலில் 1500 சி.சி.க்கும் மிகாத கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைக்கப்பட்டது. 2008இல் 4160 மில்லிமீட்டர் நீளத்தில் வந்த டிசையர், 2012இல் 3995 மில்லிமீட்டராகச் சுருங்கி வந்தது. கத்தி விழுந்த இடம் டிக்கி. வரிக்காக வண்டியின் வாலையே நறுக்கிய தொழிலில், கதவுக்குள் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் ஸ்பீக்கருக்கு மட்டும் தாராளமாகச் செலவழித்திருப்பார்கள் என்று நம்ப ஒரு வெள்ளை மனம் வேண்டும். கட்டுரையாளருக்கு இருக்கிறது.

இன்ஜினியர்கள் செய்த வேலையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மழைத் தண்ணீர் உள்ளே வழிந்து ஓடும் கதவில், சித்திரை வெயிலில் வெந்து கிடக்கும் வண்டியில், குறைந்த எடையில், குறைந்த விலையில், வருஷக் கணக்காகக் கெடாமல் உழைக்கும் ஒரு பொருளைக் கேட்டார்கள், அவர்கள் கொடுத்தார்கள். அதனால்தான் பிளாஸ்டிக் கூடு, சிறிய ஃபெரைட் காந்தம், ஒற்றைக் காகிதக் கோன். காகிதம் என்பதற்காக முகம் சுளிக்க வேண்டியதில்லை. மிக உயர்ந்த ஸ்பீக்கர்களிலும் காகிதக் கோன் உண்டு. குறை காந்தத்தின் அளவிலும், எல்லா வேலையையும் ஒற்றைக் கோனின் தலையில் கட்டியதிலும் இருக்கிறது.

அந்தக் கோன் இருப்பது கணுக்காலுக்குப் பக்கத்தில். ஒலியின் அலைநீளம் கோனின் அகலத்தைவிடப் பெரிதாக இருக்கும்வரை ஒலி எல்லாப் பக்கமும் பரவும். அலைநீளம் சிறுக்கச் சிறுக்க நேர்கோட்டில்தான் பாயும். கதவில் இருக்கும் ஆறரை அங்குல ஸ்பீக்கருக்கு ஏறத்தாழ 2000 ஹெர்ட்ஸிலேயே இந்தக் குறுகல் தொடங்கிவிடுகிறது. அதற்கு மேலேதான் சகரத்தின் சீறல், ஜால்ராவின் கிணுகிணுப்பு, வயலினில் வில் உராயும் நுண்மை எல்லாம் இருக்கின்றன. அவை நேராகப் போய் ஓட்டுபவரின் முழங்காலிலும் சீட்டுத் துணியிலும் மோதி அடங்குகின்றன. கண்ணாடியை ஒட்டிய முக்கோணத் துண்டில் ஒரு ட்வீட்டரை வைத்தால் பாடகி டாஷ்போர்டுக்கு ஏறி வருகிறார். உச்சி வேரியண்டில் கம்பெனியே அதைத்தான் செய்கிறது. ஆக, கட்டுரையாளர் மேற்கோள் காட்டும் இன்ஜினியர்களே அவரோடு உடன்படவில்லை.

இரண்டாவது, இரைச்சல். டயரும் இன்ஜினும் எழுப்பும் சத்தத்தில் பெரும்பகுதி கீழ்ச் சுருதியில் இருக்கிறது. அது முதலில் விழுங்குவது பாட்டின் அடித்தளத்தை: பேஸ் கிடார், தவிலின் தொப்பி, மிருதங்கத்தின் இடந்தலை. அடித்தளம் காணாமல் போனதும் கை தானாக வால்யூமுக்குப் போகிறது. சின்னக் காந்தம் பிடித்த கோன் இன்னும் நீளமாக ஓட முயன்று முடியாமல் திணறுகிறது; நம் ஊர்ப் பேச்சில், ஸ்பீக்கர் கிழிகிறது. வண்டியில் இரைச்சல் அதிகம் என்பது அதைத் தாண்டிப் பாடக்கூடிய ஸ்பீக்கர் வேண்டும் என்பதற்கான காரணம். இதையே தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாதாடுகிறார் அவர். தவிர, சென்னை போன்ற ஊரில் காருக்குள் கழியும் நேரத்தில் கணிசமான பங்கு வண்டி நின்றுகொண்டிருக்கும் நேரம். வேளச்சேரி சிக்னலில் எந்தச் சாலை இரைச்சல் பாட்டை மறைக்கிறது?

மூன்றாவது, பாட்டே சுமார் என்ற வாதம். குறுந்தகட்டில் ஒலி நொடிக்கு 1411 கிலோபிட். ப்ளூடூத்தின் அடிப்படையான எஸ்.பி.சி. முறை உயர் தரத்தில் நொடிக்கு 328 கிலோபிட். எண்ணைப் பார்த்தால் பெரிய நஷ்டம்தான். ஆனால் காது கவனிக்காததாகப் பார்த்துப் பார்த்து எடுத்துவிட்டுச் சுருக்குவதே அந்த முறைகளின் வேலை. பழைய சங்கதியான எஃப்.எம். ஒலிபரப்புகூட 15,000 ஹெர்ட்ஸ் வரை சுமந்து வருகிறது. ட்வீட்டர் இல்லாத கதவு ஸ்பீக்கரிலிருந்து அதில் எவ்வளவு காதுக்கு வந்து சேரும்? வாய்க்காலில் வரும் தண்ணீர் குறைவு என்று புலம்புகிறவர், வயலுக்குள் திறக்கும் மடை அடைத்துக் கிடப்பதைக் குனிந்து பார்க்கவில்லை.

இதே இடத்தில்தான் டீக்கடை ரேடியோவில் கேட்டே இளையராஜாவை ரசித்தோம் என்று ஒரு உருக்கத்தையும் செருகியிருக்கிறார். ரசித்தோம், மறுக்கவில்லை. ஆனால் 1980இல் வந்த ‘மூடுபனி’யின் ‘என் இனிய பொன் நிலாவே’ பாடலில் பேஸ் கிடார் குரலுக்கு அடியில் தனியாக ஒரு மெட்டே நடத்திக்கொண்டிருக்கிறது. அந்த வாத்தியத்தின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. டீக்கடை ரேடியோவுக்கு அந்த ஊரே தெரியாது. ஒழுங்காகப் பொருத்திய ஆறரை அங்குல ஸ்பீக்கரும் 41ஐ முழுதாகத் தராது. ஆனால் அதன் மடங்குகளான 82ஐயும் 123ஐயும் கொடுத்துவிடும், மிச்சத்தைக் காது நிரப்பிக்கொள்ளும். இசையமைப்பாளர் எழுதியதைக் கேட்க விரும்புவதை ஆடம்பரம் என்கிறார் கட்டுரையாளர். ராஜாவின் பெயரைச் சொல்லி ராஜா எழுதியதில் பாதியைக் கேட்காமலே இருக்கச் சொல்வதற்கு என்ன பெயர் வைப்பது?

நான்காவது, வாரண்டி. இதில்தான் அந்தப் பாதி உண்மை. கம்பெனி வயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றினால் பின்னால் வரும் எந்த மின்கோளாறுக்கும் சர்வீஸ் சென்டர் அந்த டேப்பைத்தான் காட்டும். ஆனால் வெட்டச் சொன்னது யார்? ஒவ்வொரு மாடலுக்கும் பொருந்துகிற கப்ளர் கடையில் கிடைக்கிறது. ஒரு முனை கம்பெனி சாக்கெட்டில் சேரும், மறுமுனை புது ஸ்பீக்கரில். பழைய ஸ்பீக்கர்களைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டால், வண்டியை விற்கும் நாளில் பழையபடி மாட்டிவிடலாம். மோசமாகச் செய்யலாம் என்பதால் செய்யவே கூடாது என்று வாதிட்டால் உலகத்தில் எந்த ரிப்பேருக்கும் வழியில்லை.

இனி சகலை. கட்டுரையாளர் தந்திருக்கும் விவரங்களை அவருடைய வார்த்தையை நம்பியே எடுத்துக்கொள்கிறேன். சகலை வாங்கியது, அட்டைப்பெட்டியில் 500 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த, ஆறுக்கு ஒன்பது அங்குல ஓவல் ஜோடி. பொருத்தியது பின்கண்ணாடிக்குக் கீழே பார்சல் ட்ரேயில். ஸ்டீரியோ பழையது. முன்கதவுகளைத் தொடவில்லை. இவ்வளவையும் எழுதிவிட்டு, ஆகவே ஸ்பீக்கர் மாற்றுவது வீண் என்று முடிக்கிறார். இதில் தெரிவது நாலு தவறுகள், அத்தனையும் வரிசையாக.

முதல் தவறு வாட்ஸ். வண்டி ஓடும்போது கிடைப்பது சுமார் 14.4 வோல்ட், ஸ்பீக்கர் 4 ஓம். 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 51.8 வாட்ஸ். ஸ்டீரியோவின் முகப்பில் ‘50 வாட்ஸ் நான்கு’ என்று போடுவது இந்தக் கணக்கில்தான். ஆனால் அலை முழுக்கச் சதுரமாக வெட்டுப்பட்டால்தான், அதாவது பாட்டு பாட்டாக இல்லாமல் போனால்தான், அது கிடைக்கும். வளைந்து ஏறி இறங்கும் சைன் அலைக்கு அதில் பாதி. சிப்பில் ஏற்படும் இழப்பும் போகச் சுத்தமாகக் கிடைப்பது ஒரு சேனலுக்கு 20 வாட்ஸை ஒட்டித்தான். இருபது வாட்ஸ் கொடுக்கிற பெட்டியில் 500 வாட்ஸ் எழுதிய ஸ்பீக்கரை மாட்டினால் அது 500 வாட்ஸ் பாடாது. அந்த எண் ஒரு கணம் தாங்கும் உச்சம்; தொடர்ந்து தாங்குவதைச் சொல்வது ஆர்.எம்.எஸ். எண், அது அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருக்கும்.

இரண்டாவது தவறு சென்சிடிவிட்டியைப் பார்க்காதது. ஒரு வாட்ஸ் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்று சொல்லும் எண் அது. 87 டெசிபல் ஸ்பீக்கரிலிருந்து 90 டெசிபல் ஸ்பீக்கரின் சத்தத்தை வரவழைக்க இரட்டிப்பு வாட்ஸ் வேண்டும். ஆம்ப்ளிஃபையர் போடாதவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பெரிய ஆம்ப்பை நம்பிச் செய்த கனமான கோன், இருபது வாட்ஸில் கம்பெனி ஸ்பீக்கரைவிட மெதுவாகவே பேசக்கூடும். சகலைக்கு நடந்ததில் மர்மம் ஒன்றுமில்லை.

மூன்றாவது தவறு இடம். பாடகர் முன்னால் நிற்க வேண்டியவர். பார்சல் ட்ரேயில் ஓவலை வைத்துச் சத்தத்தைக் கூட்டினால் அவர் பின்சீட்டில் உட்கார்ந்து பிடரியில் பாடுகிறார். நாலு ஸ்பீக்கருக்குப் பணம் போதாதென்றால் முன்கதவு இரண்டையும் மாற்றிவிட்டுப் பின்னதை அப்படியே விடுவதே முறை.

நான்காவதுதான் பெரிய தவறு; கடைக்காரர்களில் பலரும் சொல்லித்தராதது. கதவுதான் ஸ்பீக்கரின் பெட்டி. கோன் முன்னால் காற்றைத் தள்ளும்போதே பின்னால் இழுக்கிறது. முன்னலையும் பின்னலையும் சந்தித்துக்கொண்டால் ஒன்றையொன்று தின்றுவிடும். முதல் பலி பேஸ். காரின் கதவுப் பேனலைக் கழற்றிப் பார்த்தால் உள் தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள் இருக்கும், அவற்றை மூடியிருப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ஷீட். அந்த ஓட்டைகளை அடைத்து, வெளித்தகட்டின் உட்புறத்தில் அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் டேம்பிங் ஷீட்டை அழுத்தி ஒட்டினால், கதவு அதிர்வதை நிறுத்திப் பெட்டியாக வேலை செய்யத் தொடங்கும். கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் அடைக்கக் கூடாது, அடைத்தால் துருப்பிடிக்கும். கண்ணாடியை முழுக்க இறக்கி, அது காந்தத்தில் இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்; இடித்தால் ஸ்பேசர் வளையம். பிளஸ், மைனஸ் மாறாமல் இருப்பதை ஒரு 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டுத் தொட்டு எடுத்தே சோதிக்கலாம்: பிளஸில் பிளஸ் பட்டால் கோன் வெளியே வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் எவ்வளவு விலையுள்ள ஸ்பீக்கரிலும் பேஸ் கரைந்துவிடும்.

கடைகளையும் விட்டுவைப்பதற்கில்லை. சென்னை ஜி.பி. ரோடானாலும் உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையானாலும், பலகையில் பொருத்தி ஆம்ப் வைத்துப் பாடவிட்டுக் காட்டுகிறார்கள். பலகை முன்னலையையும் பின்னலையையும் பிரித்துவிடுகிறது. அங்கே எதுவும் நன்றாகத்தான் கேட்கும். ஓட்டைக் கதவுக்குள் போனபின்தான் சாயம் வெளுக்கிறது. சகலையை ஏமாற்றியது அந்தப் பலகை. கட்டுரையாளர் கோபப்பட்டிருக்க வேண்டிய இடமும் அதுதான். மாறாக, வாட்ஸ் எண்ணைக் காட்டி விற்றவனை விட்டுவிட்டு, நல்ல சத்தம் கேட்க ஆசைப்பட்டவரைக் கிண்டல் செய்திருக்கிறார்.

ஸ்பீக்கர் மாற்றுவதற்கான வரிசை இதுதான்: முதலில் முன்கதவின் டேம்பிங், பிறகு நல்ல சென்சிடிவிட்டி உள்ள, ட்வீட்டர் தனியாக வரும் காம்போனென்ட் ஜோடி, அதன்பின்னும் போதவில்லை என்றால் ஃப்யூஸ் வைத்துச் சின்ன ஆம்ப். டிக்கியைப் பாதி விழுங்கும் சப்வூஃபர் எல்லாவற்றுக்கும் கடைசியில், அதுவும் லக்கேஜ் இல்லாத குடும்பத்துக்கு. இந்த வரிசையை மாற்றியவர்கள் பணத்தை இழந்தார்கள். அவர்களின் நஷ்டத்தை வைத்து வரிசையையே குற்றம் சொல்ல முடியாது.

ஸ்பீக்கர் மாற்றாமல் இருக்க ஒருவருக்கு எல்லா உரிமையும் உண்டு. செய்தி கேட்கவும் கூகுள் மேப்ஸ் வழி சொல்வதைக் கேட்கவும் மட்டுமே ஸ்டீரியோ வைத்திருப்பவருக்குக் கம்பெனி ஸ்பீக்கர் தாராளம். கட்டுரையாளரும் அப்படிப்பட்டவராக இருந்தால், “எனக்கு வேண்டாம்” என்ற இரண்டு சொல்லில் கட்டுரையை முடித்திருக்கலாம். யாரும் எதிர்வினை எழுதியிருக்க மாட்டோம். தன் அக்கறையின்மைக்கு இன்ஜினியர்களிடம் கையெழுத்து வாங்கப் போனதுதான் தவறு. அவர்கள் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. போட்டது கணக்குப்பிள்ளை.