குலத்தொழிலும் வேண்டாம், ஒரு வாரச் சான்றிதழும் வேண்டாம்



மாப்பிள்ளையூரணியில் மாலை நேரத்தில் எங்களோடு உட்கார்ந்து படிக்கும் தம்பி ஒருவர் போன மாதம் ஒரு பிளாஸ்டிக் கவரை மேசைமேல் வைத்தார். உள்ளே மூன்று சான்றிதழ்கள். ஒன்று வெல்டிங், ஒன்று வீட்டு வயரிங், இன்னொன்று ‘தொழில்முனைவோர் விழிப்புணர்வு’. மூன்றையும் கூட்டினாலும் நூறு நாள் தேறாது. இப்போது ஒரு ஷெட் கட்டும் இடத்தில் வெல்டருக்குக் கையாளாக இருக்கிறார். இரும்பு தூக்கிக் கொடுக்கலாம், பிடித்துக்கொள்ளலாம். ஹோல்டரை மட்டும் கையில் தருவதில்லை. ஏன் என்று கேட்டதற்கு மேஸ்திரி சொன்ன பதில்: “பேப்பர்ல வெல்டிங் படிச்சவன் எனக்கு வேண்டாம்ல. எங்க ஆளுவ எட்டு வயசுலேருந்து பட்டறையில நின்னு கத்துக்கிட்டவனுவ.”

இந்தப் பேச்சில் பாதி உண்மை. நாற்பது நாளில் யாரும் வெல்டர் ஆவதில்லை. மீதிப் பாதி ‘எங்க ஆளுவ’ என்ற இரண்டு சொல்லில் இருக்கிறது. நாம் பேச வேண்டியது அதைப் பற்றி.

குறுகிய காலப் பயிற்சி முடித்தவனை வேலைக்கு எடுப்பதா, பரம்பரையாகப் பட்டறையில் கற்றவனை எடுப்பதா என்று முதலாளிகள் விவாதிக்கிறார்கள். நம் பிள்ளைகளும் இதில் ஒரு பக்கம் சேர்ந்துகொள்கிறார்கள். நாங்கள் சேர மாட்டோம். ஒரு பக்கம் நமக்கு வாசலே கிடையாது. இன்னொரு பக்கம் வாசல் மட்டும்தான் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை.

முதலில் பரம்பரைப் பட்டறையைப் பார்ப்போம். குருவிடம் சீடன் பணிந்து கற்ற கதையை அழகாகச் சொல்கிறார்கள். தச்சனின் சீடன் யார்? மகன், மருமகன், மச்சான். பொற்கொல்லர் பட்டறையில் சேரியிலிருந்து போன சீடன் எத்தனை பேர்? நம் தாத்தாக்களுக்கும் ஒரு குருகுலம் இருந்தது. செத்த மாட்டைத் தூக்குவது, தோல் உரிப்பது, இழவுக்குப் பறையடிப்பது, சுடுகாட்டில் பிணம் எரிப்பது. இந்தப் பள்ளிக்கு மட்டும் நுழைவுத் தேர்வே கிடையாது. பிறந்தால் போதும், வெளியே போகத்தான் விடமாட்டார்கள்.

பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். கட்டட வேலைக்குப் போய்ப் பாருங்கள். கையில் கரண்டியும் ரசமட்டமும் தூக்குக்குண்டும் வைத்திருப்பவர் கொத்தனார். சாந்து குழைத்துச் சட்டி சுமப்பவர் சித்தாள். முப்பது வருடம் சட்டி சுமந்த நம் அம்மாக்களும் அத்தைகளும் சித்தாளாகவே ஓய்கிறார்கள். சுவர் எழும்புவதைத் தினமும் பார்க்கிறவருக்குச் சுவர் எழுப்பத் தெரியாதா? தெரியும். கரண்டியை யாரும் தருவதில்லை, அவ்வளவுதான். பட்டறைப் பயிற்சி என்பது கற்கிற ஏற்பாடு மட்டுமல்ல, யாருக்குக் கற்றுத்தரக் கூடாது என்பதற்கான ஏற்பாடும் அதுதான்.

பரம்பரைத் தொழில் அதைச் செய்தவர்களுக்காவது சோறு போட்டதா? நம் கடற்கரையே சாட்சி. மூச்சை அடக்கிச் சிப்பி எடுக்கும் திறமை மன்னார் வளைகுடாவில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தது. முத்தின் பெரும் லாபம் அரசர்களுக்கும், பின்னர் போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயருக்கும் வியாபாரிகளுக்கும் போனது. கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. சிப்பி இல்லை என்றானதும் அந்தத் திறமைக்கு மாற்று வேலையும் இல்லை, மதிப்பும் இல்லை. குளித்தவர்கள் நம் சாதி அல்ல. ஆனாலும் பாடம் எல்லோருக்குமானது: பிறப்போடு கட்டிய தொழில், தொழில் செத்தால் ஆளையும் சேர்த்து அமுக்கும்.

இதைத்தான் 1953-இல் ராஜாஜி அரசு பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவரப் பார்த்தது. பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் பெற்றோரின் தொழில். பெரியார் இயக்கம் அதைக் ‘குலக்கல்வி’ என்று பெயர் சொல்லி எதிர்த்தது. 1954-இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்து திட்டத்தை ரத்து செய்தார். முடிந்தது என்று நினைத்தோம்.

2023 செப்டம்பர் 17 அன்று ‘பிரதமர் விஸ்வகர்மா’ திட்டம் வந்தது. 18 தொழில்கள்: தச்சர், கொல்லர், பொற்கொல்லர், குயவர், முடி திருத்துபவர், சலவைத் தொழிலாளர், செருப்புத் தைப்பவர், துடைப்பம் செய்பவர், இப்படிப் போகிறது பட்டியல். குடும்ப வழியிலான பாரம்பரியத் தொழிலைச் செய்பவராக இருக்க வேண்டும், வயது 18 நிறைந்தால் போதும். குரு-சிஷ்ய பரம்பரையை வலுப்படுத்துவது நோக்கம் என்று அரசே எழுதியிருக்கிறது. அடிப்படைப் பயிற்சி எத்தனை நாள் தெரியுமா? 5 முதல் 7 நாள். மேற்பயிற்சி 15 நாள். நாளுக்கு 500 ரூபாய் உதவித்தொகை, 15,000 ரூபாய்க்குக் கருவி, பிறகு கடன்.

கவனியுங்கள். நாம் சொன்ன இரண்டு கேடுகளும் இங்கே ஒன்றாகிவிட்டன. தொழிலைப் பிறப்பு முடிவு செய்யும், பயிற்சி ஒரு வாரத்தில் முடியும். பட்டியலில் எலக்ட்ரீசியன் இல்லை, பிளம்பர் இல்லை, ஏசி மெக்கானிக் இல்லை, கிரேன் ஓட்டுநர் இல்லை. பெரும்பாலும் சாதிப்பெயர் ஒட்டிய தொழில்கள்தான். கல்லூரிக்குப் போக வேண்டிய 18 வயதில், அப்பன் தொழிலுக்குத் திரும்பு என்று அரசாங்கம் கடன் தந்து அழைக்கிறது.

தமிழ்நாடு அரசு இதை ஏற்கவில்லை. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கு, குறைந்தபட்ச வயதை 35 ஆக்கு என்று கேட்டது. ஒன்றிய அரசு மாற்ற மறுத்ததும், இந்த வடிவில் நடைமுறைப்படுத்த மாட்டோம் என்று 2024 நவம்பரில் எழுதியது. பிறகு 25 தொழில்களுக்குக் ‘கலைஞர் கைவினைத் திட்டம்’ வந்தது. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டியதில்லை, 35 வயது நிறைந்திருந்தால் போதும், 3 லட்சம் வரை கடனும் 50,000 வரை மானியமும் உண்டு. நல்லது, ஆதரிக்கிறோம். ஆனால் இது 35 வயதுக்காரருக்கான கடன். கவரில் மூன்று சான்றிதழோடு நிற்கும் 20 வயதுத் தம்பிக்கு என்ன வழி?

அவருக்குக் கிடைப்பது குறுகிய காலப் பயிற்சிதான். 2015-இல் பிரதமர் கௌசல் விகாஸ் திட்டம் தொடங்கியதிலிருந்து சில நூறு மணி நேரப் பயிற்சிகள் ஊரெங்கும் முளைத்தன. ஆளுக்கு மணிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு அரசு மையத்துக்குப் பணம் தருகிறது. தலை எண்ணினால் மையத்துக்குக் காசு, கை பழகினால் அதற்கென்ன கூடுதல் வரவு? வெல்டிங் ராடு விலை அதிகம், அதனால் ஒரு பையனுக்கு நான்கு ராடு. சமதளத்தில் ஒரு கோடு இழுக்கச் சொல்லி, படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பைப்பை 45 டிகிரி சாய்த்து வைத்து, சுற்றிலும் வெல்டு வைக்கச் சொல்லும் 6ஜி சோதனை என்று ஒன்று உண்டு. அதில் தேறினால்தான் பெரிய பைப்லைன் வேலையில் கூலி ஏறும். அந்தக் கை மாதக்கணக்கில் ராடு எரித்தால்தான் வரும்.

“ஏதோ ஒரு பேப்பராவது கிடைக்கிறதே” என்று நம்மவர்களே சொல்கிறார்கள். வலி புரிகிறது. ஆனால் அந்தப் பேப்பர் நமக்கு எதிராகவே திரும்புகிறது. ‘சான்றிதழ்ப் பசங்களுக்கு வேலை தெரியாது’ என்ற பெயர் பரவுகிறது. சான்றிதழை நம்பி இருப்பது யார்? பட்டறையில் மாமா இல்லாதவன். ஆக, ‘வேலை தெரியாதவன்’ என்ற முத்திரையும் கடைசியில் நம் தெருவுக்கே வந்து சேருகிறது.

அப்படியானால் நாம் கேட்பது என்ன? அண்ணல் அம்பேத்கர் 1942-லேயே கேட்டுவிட்டார். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரான சில மாதங்களில், பட்டியல் சாதியினரின் குறைகளை எழுதி லின்லித்கோவிடம் அக்டோபரில் கொடுத்தார். அதில் அறிவியல், தொழில்நுட்பப் படிப்புக்கு உதவித்தொகை கேட்டார். அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் பிள்ளைகளைத் தொழில் பழகுநராகச் சேர்க்கக் கேட்டார். ஊர்ப் பட்டறையில் காலைப் பிடித்துக் கற்றுக்கொள் என்று அவர் சொல்லவில்லை. அன்றைய மிக நவீனமான தொழிற்கூடம் எதுவோ, அதன் கதவைத் திறக்கச் சொன்னார்.

அந்தக் கதவு இன்று சட்டத்தில் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம். 1973 திருத்தத்தில் சேர்ந்த 3ஏ பிரிவு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மாநில மக்கள்தொகையைக் கருத்தில் கொண்டு பயிற்சி இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. அரசு நிறுவனத்துக்கு மட்டுமல்ல, தனியாருக்கும். தனியார் துறையில் இடஒதுக்கீடே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், பழகுநர் இடத்தில் இருக்கிறது! 2019 திருத்தப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். உதவித்தொகை, படிப்புக்கு ஏற்ப மாதம் 5,000 முதல் 9,000 வரை என்று அப்போது நிர்ணயித்தார்கள்.

இந்தச் சட்டத்திலும் ஓட்டை உண்டு. பழகுநர் தொழிலாளர் அல்லர் என்கிறது அதன் 18-ஆம் பிரிவு. அதை வைத்துக்கொண்டு மலிவான கூலியாள் போலப் பயன்படுத்திவிட்டு, வருடம் முடிந்ததும் அனுப்பிவிடலாம். அதனால் சட்டத்தை நிறைவேற்று என்பதோடு, திருத்து என்றும் சேர்த்தே கேட்க வேண்டும். ஜெர்மனியின் பழைய தொழிற்குழுக்களும் தோல் உரிப்பவர் வீட்டுப் பிள்ளைகளை உள்ளே விடாதவைதான். இன்று அங்கே பழகுநர் பயிற்சி என்பது 2 முதல் 3½ ஆண்டு ஒப்பந்தம், மாதாமாதம் பணம், வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளி. அந்தக் கதவைத் திறந்தது குருவின் கருணை அல்ல, சட்டம்.

தூத்துக்குடியில் இப்போது இது அவசரம். துறைமுகம் விரிகிறது. 2025 ஆகஸ்டில் சில்லாநத்தத்தில் மின்கார் ஆலை திறந்தாயிற்று. உப்பளப் பாத்தியில் கால் வெடித்துப்போன பெற்றோரின் பிள்ளைகள் அந்த ஆலைகளுக்குள் எந்த வாசல் வழியாகப் போகப் போகிறார்கள்? கை பழகிய தொழிலாளியாகவா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும் கான்ட்ராக்ட் கையாளாகவா?

மாணவத் தோழர்களுக்கு மூன்று வேலை தருகிறோம்.

ஒன்று, பத்தாவதோ பன்னிரண்டோ முடித்த தம்பி தங்கைகளை 30 நாள் வகுப்புக்கு அனுப்பும் முன் அரசு ஐடிஐக்குக் கூட்டிப் போங்கள். ஓராண்டு, ஈராண்டுப் படிப்பு. கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, இடஒதுக்கீடும் உண்டு. தங்கைகளையும் என்று அழுத்திச் சொல்கிறோம். ஃபிட்டர், வெல்டர் வகுப்பில் பெண் சேரக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

இரண்டு, மாவட்டத்தின் ஒவ்வொரு அரசு நிறுவனத்துக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கேள்வி எளிது: கடந்த ஐந்து ஆண்டில் எத்தனை பழகுநர்? அதில் பட்டியல் சாதி, பழங்குடி எத்தனை பேர்? 3ஏ பிரிவுப்படி எத்தனை இடம் ஒதுக்கினீர்கள்? தனியார் நிறுவனங்களின் கணக்கை, பழகுநர் பயிற்சியைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்திடம் கேளுங்கள். பதிலை எங்களுக்கும் அனுப்புங்கள், வரிசையாக வெளியிடுவோம்.

மூன்று, பயிற்சி மையம் வைத்திருப்பவரிடம் சான்றிதழ் எப்போது என்று கேட்காதீர்கள். எத்தனை மணி நேரம் மிஷினில் கை வைக்கலாம், ஆளுக்கு எத்தனை ராடு என்று கேளுங்கள்.

அந்தத் தம்பியின் கவர் இன்னும் எங்கள் மேசையில்தான் இருக்கிறது. அடுத்த சேர்க்கைக்கு ஐடிஐ விண்ணப்பம் போடச் சொல்லியிருக்கிறோம். இரண்டு வருடம் சம்பளம் இல்லாமல் வீட்டை எப்படி ஓட்டுவது என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. அதற்கு 750 ரூபாய் பதிலாகாது. கற்கும் காலத்துக்கு வாழக்கூடிய கூலி வேண்டும் என்பது, இடஒதுக்கீட்டுக்கு இணையான நம் கோரிக்கையாக வேண்டும். பட்டறைக்குள் நம்மை விடாமல் எத்தனையோ தலைமுறை கடந்துவிட்டது. அந்தக் கடனை ஒரு வார வகுப்பில் தீர்த்துவிட்டோம் என்று சொல்ல யாரையும் விடக் கூடாது.

ஜெய்பீம்.