நகல் குற்றமன்று, பொய் வயதே குற்றம்

வெலிங்டன் தீவு முழு வடிவம் பெற்று இன்னும் நூறாண்டு நிறையவில்லை. 1920-இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் திட்டப்படி, துறைமுகத்தை ஆழப்படுத்த வாரிய மண்ணால் எழுந்த நிலம் அது. அதைத் தொன்மையானதென்று எவரும் சொல்வதில்லை. அதனால் அதன் மதிப்பும் குறையவில்லை. பாலம் கடந்து மட்டாஞ்சேரிக்குப் போனால் நிலைமை வேறு. அங்குள்ள பழம்பொருள் கடைகளில் அண்மையில் அடித்த வாளுக்கும் முந்நூறு வயது சொல்லப்படுவதுண்டு.

வணிகர் வணிகம் செய்கிறார். என் சினம் நம் துறையினர்மீதுதான். "உண்மை, போலி என்ற பிரிவே காலனியம் தந்தது; பொருளுக்குச் சமூகம் தரும் அர்த்தமே முக்கியம்" என்று கருத்தரங்குகளில் பேசுகிறோம். பிறகு, எங்கிருந்து வந்ததென்றே அறியாத கடை வாளின் நிழற்படத்தை 'நாயக்கர் கால வாள்' என்ற குறிப்போடு ஆய்வேட்டில் சேர்க்கிறோம். உண்மை, போலி என்ற பிரிவே வேண்டாம் என்பவருக்குக் காலக் குறிப்பு எதற்கு?

அறிய வழியில்லை என்பது சோம்பலின் சாக்கு. ஜப்பானிய வாளை ஆராய்வோர் கைப்பிடியைக் கழற்றிப் பார்க்கிறார்கள். உள்ளே மறைந்திருக்கும் அலகின் அடிப்பகுதியில்தான் கொல்லர் தம் பெயரை வெட்டுவார். காலம் படியவைத்த கருந்துருவும் அங்கேதான் இருக்கும். அத்துருவைத் தேய்த்து நீக்கினால் வாளே கெட்டதாகக் கருதுவர். அமிலத்தால் அவசரமாக வரவழைத்த துரு பெரும்பாலும் செம்மஞ்சளாய்த் திட்டுத்திட்டாக நிற்கும்.

நம் வாள்களுக்கும் சோதனைகள் உண்டு. மூசையில் உருக்கிய எஃகின் நீரோட்ட வரி உலோகத்தின் உள்ளமைப்பிலேயே இருப்பது. மெருகிட்டு மறைந்தாலும் மெல்லிய அமிலம் தடவினால் மீண்டும் தோன்றும். மேற்பரப்பில் மட்டும் அரித்து வரைந்த வரி தேய்த்தால் போய்விடும். இரும்பைக் கீறிச் சொரசொரப்பாக்கிப் பொன்கம்பியை அடித்துப் பதித்த தடம் உருப்பெருக்கியில் தெரியும். மின்முலாமில் அது இராது. ஆனால் தடம் இருப்பதாலேயே பொருள் பழையதாகிவிடாது. உதயப்பூரில் அவ்வேலை இன்றும் நடக்கிறது. தஞ்சை அரண்மனைப் படைக்கலங்களிலோ ஐரோப்பிய அலகும் உள்ளூர்ப் பிடியும் சேர்ந்த வாள்கள் உண்டு. ஆகவே அலகின் வயது, பிடியின் வயது, இரண்டும் இணைந்த காலம் என மூன்றையும் தனித்தனியே கேட்க வேண்டும்.

சட்டமும் ஒரு சோதனையே. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டப்படி, நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. கடையில் முந்நூறு வயது சொல்லப்பட்ட வாள், வெலிங்டன் தீவிலுள்ள சுங்க அலுவலகத்தில் 'தொல்பொருள் அன்று' என்ற சான்றிதழைக் காட்டி வெளியேறுமானால், இரண்டில் ஒன்று பொய்.

2021 செப்டம்பரில் மோன்சன் மாவுங்கல் கைதானபோது, திப்புவின் அரியணை என்றும் மோசேயின் கோல் என்றும் காட்டப்பட்டவற்றின் கதை நாடெங்கும் பேசப்பட்டது. அக்கதைக்கு வலுச்சேர்த்தவை உலோக ஆய்வுகள் அல்ல. பெரிய மனிதர்களோடு எடுத்த நிழற்படங்கள். கடைப்பொருளுக்கு நாம் எழுதும் அடிக்குறிப்பும் அத்தகைய நிழற்படமே. நாளை அதையே விற்பனைச் சான்றாக நீட்டுவார்கள்.

நகல் செய்வது குற்றமன்று. அதில் உழைப்பும் தேர்ச்சியும் உண்டு. பொய் வயது ஏற்றப்படும்போது முதலில் அழிவது, அதைச் செய்து இன்றும் உயிரோடிருக்கும் கொல்லரின் பெயர்தான். கைவினைஞர்களைப் பற்றி ஆய்வேடு எழுதும் நாமே அந்த அழிப்புக்குத் துணைபோகிறோம்.

மாணவ நண்பர்களே, எங்கிருந்து வந்தது, எவர் கைகளில் இருந்தது, எவர் எம்முறையில் சோதித்தார் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடையில்லாத பொருளுக்கு நூற்றாண்டு எழுதாதீர்கள். நெறியாளர் வற்புறுத்தினாலும் எழுதாதீர்கள். 'காலம் உறுதிசெய்யப்படவில்லை' என்பதும் ஆய்வு முடிவே.