ஆத்தங்கரை 'பப்'புல ஒரு ஏலக்காய் டீ!

இன்டர்னல் மார்க், ரெக்கார்டு நோட்டு டென்ஷனை எல்லாம் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு வாங்க. இந்த வாரம் உங்களை ஒரு 'பப்'புக்குக் கூட்டிட்டுப் போறேன். பதறாதீங்க... இது வீட்ல சொல்லிட்டே போகக்கூடிய பப்!

முதல்ல ஒரு குட்டி ஜி.கே. லண்டன்ல, 1991ல கிளார்க்கன்வெல் ஏரியாவுல 'தி ஈகிள்'னு ஒரு பப். 'இங்கே குடியைவிட சாப்பாடுதான் மெயின்'னு அதை நடத்த ஆரம்பிச்சாங்க. அங்கே பிறந்த வார்த்தைதான் 'கேஸ்ட்ரோபப்'. கேஸ்ட்ரோன்னா வயிறு! அதே லண்டன்ல தேம்ஸ் ஆத்தங்கரையில 'ப்ராஸ்பெக்ட் ஆஃப் விட்பி'னு இன்னொண்ணு இருக்கு. 1520 வாக்குல ஆரம்பிச்சதா சொல்றாங்க. ஆத்துல வர்ற படகுக்காரங்க, மூட்டை தூக்குறவங்க வந்து போன இடம். இன்னிக்கு டூரிஸ்ட்டுங்க போட்டோ எடுத்துக்கிட்டே சாப்பிடுற இடம்.

யோசிச்சுப் பாருங்க பாஸ். ஓர் ஆறு, அந்த வழியாப் போற சரக்கு, பசியோட சில மனுஷங்க. இந்த மூணும் சேர்ந்தா அங்கே ஒரு சாப்பாட்டுக் கடை வந்தே தீரும். அப்படி ஓர் இடம் நம்ம தேனி மாவட்டத்துலயும் இருக்கு. அட்ரஸ்: குரங்கணி!

போடிநாயக்கனூர்ல இருந்து சுமார் 15 கிலோமீட்டர். 'மைனா' படம் பார்த்தவங்களுக்கு இந்த ஊரை அறிமுகப்படுத்தவே வேணாம். 2010ல வந்த அந்தப் படத்துல பார்த்த மலையும் பாதையும் இந்த ஏரியாதான். பஸ் நாளைக்குச் சில தடவைதான். விட்டா ஜீப். பக்கத்துலயே கொட்டகுடி ஆறு, பாறைக்குப் பாறை தாவிக்கிட்டு இறங்கும்.

'ஆறு ஓகே, சரக்கு எங்கே?'னு கேக்குறீங்களா? வாங்க, ஒரு ஃப்ளாஷ்பேக்.

நூறு வருஷத்துக்கு முன்னாடி, மூணாறு டீத்தூள் வெளியூர் போன ரூட்டே இதுதான். 1902ல மூணாறு பக்கம் ஒரு ரயில் போட்டாங்க. ஒரே ஒரு தண்டவாளம், அதை இழுக்கிறது மாடு! (சத்தியமா, ஜோக் இல்லை.) 1908ல அதை மாத்தி ரெட்டைத் தண்டவாளத்துல குட்டி ரயில் விட்டாங்க. அந்த ரயில் வந்து நின்ன கடைசி இடம் 'டாப் ஸ்டேஷன்'. அங்கே இருந்து ரோப்வே. டீப் பெட்டிகள் கயித்துல தொங்கிக்கிட்டே அஞ்சு கிலோமீட்டர் சரசரனு கீழே கொட்டகுடிக்கு இறங்கும். அந்த இடத்துக்குப் பேர் 'பாட்டம் ஸ்டேஷன்'. அதுக்கப்புறம் மாட்டு வண்டியில போடி. மேலே டாப், கீழே பாட்டம்... வெள்ளைக்காரன் பேர் வெக்கிறதுல ரொம்ப மெனக்கெடலை!

1924 வெள்ளம் அந்த ரயிலை அடிச்சுட்டுப் போயிருச்சு. மலையாள வருஷம் 1099ல வந்ததால கேரளாவுல இன்னிக்கும் '99 வெள்ளம்'னுதான் சொல்லுவாங்க. தண்டவாளத்தைத் திரும்பப் போடவே இல்லை. ரயில் நிக்காத டாப் ஸ்டேஷனுக்குத்தான் இன்னிக்கு டூரிஸ்ட் கூட்டம் அலைமோதுது. ஆனா, மலை ஏறுறவங்களும் இறங்குறவங்களும் மூச்சு வாங்கி உக்கார்ற இடமா குரங்கணி அப்படியே இருக்கு. ரயிலும் ரோப்வேயும் போயாச்சு. பசி போகலையே!

சரி, கடைக்கு வருவோம். பெரிய போர்டு, மெனு கார்டு எல்லாம் தேடாதீங்க. தகரக் கூரை, ரெண்டு பெஞ்ச், கொதிச்சுக்கிட்டே இருக்கிற பால் சட்டி. காலையில இட்லி, பூரி, வடை. மதியச் சாப்பாடு வேணும்னா காலையிலேயே ஆள் கணக்குச் சொல்லிடணும். கேஸ் சிலிண்டர்ல ஆரம்பிச்சு தக்காளி வரைக்கும் போடியில இருந்து ஏறி வரணும்ல! 'திடீர்னு பத்துப் பேர் வந்துட்டோம், பிரியாணி போடுங்க'ன்னு நின்னா, சிரிச்சுக்கிட்டே பிஸ்கட் பாக்கெட்டைத்தான் நீட்டுவாங்க.

நாங்க அஞ்சு பேர் போயிருந்தோம். ஏலக்காய் மலைக்கே வந்தாச்சேன்னு, "அக்கா, ஏலக்காய் டீ கிடைக்குமா?"ன்னு கேட்டேன்.

"ஏலக்கா விக்கிறதுக்குத் தம்பி. டீக்கு இஞ்சி போதாதா?"ன்னாங்க.

எல்லாரும் கப்சிப். அப்புறம் அவங்களே டப்பாவைத் திறந்து ரெண்டே ரெண்டு காயை எடுத்து, தட்டிப் போட்டாங்க. "ஆசையாக் கேட்டுட்டீங்க, குடிங்க"ன்னாங்க. காசு சேர்த்து வாங்கிக்கவே இல்லை.

அந்த ரெண்டு காயோட மதிப்பு என்னன்னு தெரியுமா? குங்குமப்பூ, வெனிலாவுக்கு அடுத்தபடியா உலகத்துலயே காஸ்ட்லியான மசாலா ஏலக்காய்தான். செடியில பறிச்ச பச்சைக் காய் நாலஞ்சு கிலோவைக் காய வெச்சாத்தான் ஒரு கிலோ கிடைக்கும். காய் சைஸை மில்லிமீட்டர்ல அளப்பாங்க. எட்டு மில்லிமீட்டர் தாண்டிட்டா அதுக்கு ராஜ மரியாதை! போடியிலயும், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்து புத்தடியிலயும் கம்ப்யூட்டர்ல ஏலம் நடக்குது. 2018 வெள்ளத்துக்கு அப்புறம் விளைச்சல் அடிவாங்கி, 2019 ஆகஸ்ட்ல புத்தடி ஏலத்துல கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போச்சு. குவாத்தமாலாவுல விளைச்சல் எப்படிங்கிறதைப் பொறுத்து இங்கே ரேட் ஏறும், இறங்கும். ஆனா, பொழுது விடியுறதுக்குள்ள ஜீப்புல நெருக்கியடிச்சு ஏறி, போடி, தேவாரம் பக்கமிருந்து கேரளத் தோட்டங்களுக்குக் காய் பறிக்கப் போற பெண்களோட கூலி அந்த ஸ்பீடுல ஏறுறது இல்லை. நம்ம டீயில வாசம் வர்றதுக்குப் பின்னாடி இவ்வளவு இருக்கு மக்களே.

இனி கொஞ்சம் சீரியஸா பேசலாமா?

குரங்கணின்னு சொன்னதும் உங்க அம்மாவுக்கு 'மைனா' ஞாபகம் வராது. 2018 மார்ச் 11தான் ஞாபகம் வரும். கொழுக்குமலையில இருந்து இறங்கிக்கிட்டிருந்த ட்ரெக்கிங் குழுவினர் காட்டுத்தீயில மாட்டி, 20க்கும் மேற்பட்டவங்க இறந்துபோனாங்க. சென்னையில இருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்தவங்க. பல பேர் நம்மளைவிட நாலஞ்சு வயசுதான் பெரியவங்க. அன்னிக்குச் சாயங்காலம் முதல்ல மேலே ஓடினது யார் தெரியுமா? இந்த ஊர்க்காரங்களும் பழங்குடி மக்களும்தான். தீக்காயம் பட்டவங்களைப் போர்வையில தூக்கிச் சுமந்து இறங்கினவங்க அவங்க. உங்களுக்கு டீ ஆத்திக் கொடுக்கிற கை, அன்னிக்கு ஒருத்தரைத் தூக்கின கையா இருக்கலாம். அதனால கடையில உக்காந்து, 'அண்ணே, தீ எந்தப் பக்கம் பிடிச்சுது?'ன்னு கதை கேக்காதீங்க. அவங்களா சொன்னா, பேசாம கேளுங்க. டீ கொடுத்த அக்கா எங்ககிட்ட சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். "அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு ஞாயித்துக்கிழமைகூட செவ்வாக்கிழமை மாதிரிதான் இருந்துச்சு தம்பி."

அப்போ போகலாமா, வேணாமா? போகலாம். ஆனா, முறையா போகணும். 2018லயே மலையேற்றத்துக்குத் தமிழக அரசு விதிமுறைகள் கொண்டுவந்தாச்சு. வனத்துறை அனுமதி இல்லாம காட்டுக்குள்ள கால் வெக்கக் கூடாது. 2024 அக்டோபர்ல 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் வந்துச்சு. 40 பாதைகள்ல குரங்கணி - சாம்பலாறும் ஒண்ணு. ஆன்லைன்ல புக் பண்ணினா, பயிற்சி எடுத்த வழிகாட்டிகள் கூட வருவாங்க. அந்தப் பக்கத்துப் பசங்களுக்கே அது வேலை. கோடையில தீ பிடிக்கிற சீசன்ல பாதையை மூடிடுவாங்க. 'நமக்குத் தெரிஞ்ச குறுக்கு வழி இருக்கு மச்சி'ன்னு எவனாவது ஆரம்பிச்சா, அவனை பஸ் ஏத்தி அனுப்பிட்டு டீ குடிங்க.

அடுத்து, நம்ம ஆளுங்க ஆத்தங்கரையில தானே திறக்கிற 'பப்'! பாறை மேல பாட்டில், காலியானதும் அதே பாறையில 'படார்'. அந்தக் கண்ணாடித் துண்டு மேல செருப்பில்லாம நடக்கப்போறது நாம இல்லை, அங்கே குளிக்க வர்ற சின்னப் பிள்ளைங்க. அது மட்டுமில்லை. போடி டவுன்காரங்க குடிக்கிற தண்ணியே இந்தக் கொட்டகுடி ஆத்துல இருந்துதான் போகுது. நீங்க ஷாம்பு போட்டுக் குளிச்ச தண்ணி, அங்கே யாரோ ஒரு வீட்டுக் குடத்துக்குப் போகப்போகுது. சாப்பிட்ட இலையையும் கவரையும் பையில போட்டு போடிக்கே கொண்டு வந்துடுங்க. பைக்குப் பத்து கிராம் வெயிட்தான் கூடும்.

பையில எடுத்து வெச்சுக்க சில டிப்ஸ்:

* 2010 கடைசியோட நின்னுபோன போடி ரயில், 2023 ஜூன் 15ல இருந்து திரும்ப ஓடுது. மதுரையில இருந்து 90 கிலோமீட்டர். சென்னை சென்ட்ரல்ல இருந்தும் நேரா வரலாம்.

* கையில சில்லறைக் காசு வெச்சுக்கங்க. டவர் போயிட்டா போன்ல பணம் அனுப்புறதெல்லாம் நடக்காது.

* கீழே வெயில் அடிக்குதுன்னு ஆத்துல ஆட்டம் போடாதீங்க. மேல் மலையில மழை பெய்ஞ்சா தண்ணி திடீர்னு வரும். தண்ணி கலங்கி செந்நிறமா மாறினா, செல்ஃபியை விட்டுட்டுக் கரை ஏறிடுங்க.

* சாயங்காலம் கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு, இறங்கின உடனே கேட்டு வெச்சுக்கங்க.

* வீட்ல இருந்து புளியோதரை கட்டிட்டுப் போனாலும், ஒரு டீயாவது அங்கே காசு கொடுத்துக் குடிங்க.

கடைசியா சொன்னதுதான் முக்கியம் மக்களே. தேம்ஸ் கரைக் கடை 500 வருஷமா நிக்குதுன்னா, ஒவ்வொரு தலைமுறையும் வந்து காசு கொடுத்துச் சாப்பிட்டதுதான் காரணம். குரங்கணிக் கடைக்கு நீங்களும் நானும்தான் அந்தத் தலைமுறை. நாம ஒழுங்கா வந்துட்டு ஒழுங்கா போனா, கடையும் இருக்கும், ஆறும் இருக்கும்.

உங்க ஊர் ஆத்தங்கரையிலும் இப்படி ஒரு கடை இருக்கா? உடனே எழுதி அனுப்புங்க. அடுத்த ட்ரிப் அங்கேதான். அப்போ... வரட்டா!