கடல் முள்ளெலியும் சுவடிப் படியும்

முட்டை இரண்டாகப் பிளவுபடுமுன் அதனுள் இருக்கும் டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருள் முழுவதும் ஒருமுறை படியெடுக்கப்பட்டாக வேண்டும். பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகள் இதனை மனப்பாடமாகவே ஒப்பிப்பர். ஆயின் அவ்வேலை எப்பொழுது தொடங்கி எப்பொழுது முடிகிறது என்று வினவினால், விடைக்குக் கடலோரம் செல்ல நேரிடும்.

கடல் முள்ளெலி உடலெங்கும் முட்கள் செறிந்த உருண்டைப் பிராணி. பொட்டாசியம் குளோரைடுக் கரைசலைச் சிறிது உடலில் ஏற்றினால் பெண் பிராணி இலட்சக்கணக்கான முட்டைகளை உதிர்த்துவிடும். விந்து கலந்த கணம் முதல் அத்தனையும் அணிவகுத்த படைபோல் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பிளவுபடும். ஆராய்ச்சியாளருக்கு இதனினும் பெரிய உபகாரம் வேறென்ன? ஒரு முட்டையின் காலக்கிரமத்தை இலட்சம் முட்டைகளைக் கொண்டு அளந்துவிடலாம்!

1964-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஹைன்கார்ட்னரும் அவர்தம் தோழர்களும் அவ்வாறே அளந்தனர். கதிரியக்க ஹைட்ரஜன் சேர்ந்த தைமிடினை முட்டைகளுக்கு ஊட்டினர். டி.என்.ஏ. உருவாகும்பொழுதுதான் அப்பொருள் அதனுள் சென்று சேரும். முந்திய பிளவு முற்றும் முடியுமுன்னரே அடுத்த படியெடுப்பு தொடங்கிவிடுவது புலனாயிற்று. அரைமணி நேரத்துக்குள் வேலையும் முடிந்துவிடுகிறது. நம் உடலின் உயிரணுவுக்கோ பல மணி நேரம் தேவை.

இவ்வளவு விரைவு எங்ஙனம் வந்தது? நீண்ட சுவடியை ஒருவரே முதல் ஏட்டிலிருந்து எழுதினால் மாதங்கள் ஆகும். ஏடுகளைப் பிரித்துப் பலரிடம் கொடுத்தால் ஒரு நாளில் முடியும். இளங்கருவில் டி.என்.ஏ. இழையின் மிகப் பல இடங்களில், நெருக்க நெருக்கமாக, ஒரே வேளையில் படியெடுப்பு தொடங்குகிறது. எழுதுவோரையும் எழுதுபொருளையும் தாய் முன்னரே முட்டையில் சேமித்து வைத்திருக்கிறாள். பிள்ளை பிறக்குமுன்பே அரிசி பருப்பைச் சேர்த்து வைக்கும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இது புதுமையன்று.

படியெடுத்தல் மட்டும் போதாது. பங்கீடும் பிழையற்றிருத்தல் வேண்டும். ஜெர்மானியரான தியோடர் போவேரி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இம்முட்டைகளைக் கொண்டு அதனைக் காட்டினார். இரு விந்தணுக்கள் புகுந்த முட்டை ஒரே வீச்சில் நான்காகப் பிரியும். குரோமோசோம்கள் தாறுமாறாகப் பங்கிடப்படும். அக்கருக்களில் மிகப் பெரும்பாலானவை உருக்குலைந்து மடிந்தன. 1914-இல் புற்றுநோயும் இத்தகைய குழப்பத்திலிருந்தே பிறக்கக்கூடும் என்று அவர் ஒரு நூல் எழுதினார். அக்கருத்து பிற்காலத்தில் வலுப்பெற்றதைக் காண அவர் இருக்கவில்லை. மறு ஆண்டே காலமாகிவிட்டார்.