ஆயிலின் நிறம் சாட்சியாகாது

எஞ்சின் ஆயிலை மாற்ற வேண்டுமா என்பதை அதன் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை, தமிழ்நாட்டின் இரு சக்கர வண்டிப் பட்டறைகளில் ஏறக்குறையச் சட்டம்போல நடக்கிறது. மெக்கானிக் டிப்ஸ்டிக்கை உருவுகிறார். நுனியில் தொங்கும் சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்க்கிறார். "கறுத்துப்போச்சு, மாத்திடலாம்" என்றோ "தேன் மாதிரி இருக்கு, இன்னும் ஆயிரம் ஓட்டலாம்" என்றோ தீர்ப்பு வந்துவிடுகிறது. வண்டிக்காரரும் தலையாட்டுகிறார். இந்தத் தீர்ப்பின் இரண்டு பாதிகளுமே தவறு. கறுத்த ஆயில் நல்ல நிலையில் இருக்கலாம். தேன் நிறத்து ஆயில் என்றோ செத்துப்போயிருக்கலாம். முதல் தவறு பணத்தோடு போகும். எஞ்சினைத் தின்பது இரண்டாவது.

இந்த நம்பிக்கைக்குத் தாய்வீடு சமையலறை. நாலைந்து முறை வடை சுட்ட எண்ணெய் கறுக்கிறது, நுரைக்கிறது, காறல் வாடை அடிக்கிறது. அதைக் கொட்டிவிட வேண்டும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதே கண்ணோடு எஞ்சினையும் பார்க்கிறார்கள். வாணலி எண்ணெய்க்குக் கரியைச் சுமக்கும் வேலை கிடையாது. எஞ்சின் ஆயிலுக்கு அதுவே பாதி வேலை. எரிபொருள் முழுதாக எரியாமல் மிஞ்சும் கரித்துகள் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயிலில் சேர்கிறது. கறுப்பின் பெரும்பங்கு அதுதான்.

ஆயில் எல்லாக் காலத்திலும் இந்தச் சுமையைத் தூக்கியதில்லை. தொடக்க காலத்து ஆயில் வெறும் கனிம எண்ணெய். கரி அதில் மிதந்து நிற்காது. பிஸ்டனில் அரக்குபோல ஒட்டும், ரிங் பள்ளங்களை அடைக்கும், அடியில் கசடாகப் படியும். மேலே நிற்கும் எண்ணெய் மட்டும் ஓரளவு தெளிந்து தெரியும். 1930-களில் கேட்டர்பில்லர் டீசல் எஞ்சின்களில் ரிங்குகள் இப்படி ஒட்டிக்கொள்வது பெருந்தொல்லையானபோதுதான், அழுக்கைக் கழுவும் சேர்மானங்களை ஆயிலில் கலக்கும் முறை வேரூன்றியது. இன்றைய ஆயிலில் பத்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை சேர்மானங்களே. கால்சியம், மக்னீசியம் சார்ந்த சலவைப் பொருள்கள் உலோகப் பரப்பில் கரி ஒட்டவிடாமல் பார்த்துக்கொள்கின்றன. சிதறல் பொருள்கள் ஒவ்வொரு கரித்துகளையும் சுற்றி வளைத்து, ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகாதபடி பிரித்தே வைக்கின்றன. அப்படிப் பிரிந்து நிற்கும் துகள் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. காரின் காகித ஃபில்டர் நன்றாகப் பிடிப்பதோ 20, 30 மைக்ரான் அளவுள்ளவற்றைத்தான். 100 சிசி வண்டிகள் பலவற்றில் அந்தக் காகித ஃபில்டரும் இல்லை. ஒரு கம்பி வலையும் ஒரு சுழல் வடிகட்டியும் உண்டு, அவ்வளவே. ஆக, கரி ஆயிலோடு சுற்றிவந்து, ஆயில் மாற்றும்போது அதோடு வெளியேறுவதுதான் ஏற்பாடு. சீயக்காய் தேய்த்துக் குளித்த தண்ணீர் கலங்கலாக ஓடுகிறதே என்று யாரும் சீயக்காயைக் குறை சொல்வதில்லை.

டீசல் வண்டிகளில் இந்த நம்பிக்கை ஒரு வாரம்கூடத் தாங்காது. புது ஆயில் ஊற்றிச் சில நூறு கிலோமீட்டரிலேயே அது மை போலாகிவிடும். டிரெயின் போல்ட்டைக் கழற்றி எவ்வளவு நேரம் வடியவிட்டாலும் பழைய ஆயிலில் கொஞ்சம் உள்ளேயே தங்கும்; புது ஆயிலின் நிறத்தை முதல் நாளே மாற்ற அதுவே போதும். நிறத்தை நம்பினால் டீசல் காருக்கு வாராவாரம் ஆயில் மாற்ற வேண்டும். அது கட்டுப்படியாகாது என்பதால் "டீசல்னா அப்படித்தான்" என்று ஒரு விதிவிலக்கு பேசிக்கொள்கிறார்கள். கறுப்பு அங்கே கெடுதி இல்லை என்றால் பெட்ரோல் வண்டியில் மட்டும் ஏன் கெடுதி என்ற கேள்வியை யாரும் எழுப்புவதில்லை.

இனி, தேன் நிறத்தின் கதை. வீட்டிலிருந்து ரயில் நிலையம், அங்கிருந்து சந்தை, திரும்பவும் வீடு என்று நாளுக்கு நாலு கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஓராண்டில் அது 1,500 கிலோமீட்டரைத் தொடாது. கேஜை உருவிப் பார்த்தால் ஆயில் பொன்போல இருக்கும். உரிமையாளர் பெருமைப்பட்டுக்கொள்வார், அடுத்த ஆண்டும் மாற்ற மாட்டார். அந்த எஞ்சினுக்குள் நடப்பதோ வேறு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. பெட்ரோலிலுள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதன் விளைவு இது. காலையில் சைலன்சர் நுனியில் சொட்டும் நீர் அதன் மிச்சம்தான். பெரும்பகுதி ஆவியாக வெளியே போய்விட, ஒரு சிறு பங்கு எரிந்த வாயுக்களோடு பிஸ்டன் ரிங் வழியே கீழே கசிகிறது. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய எஞ்சினில் அது மறுபடி ஆவியாகி வெளியேறும். இரண்டு கிலோமீட்டரில் அணைக்கப்படும் எஞ்சினுக்கு அந்தச் சூடு வருவதே இல்லை. நீர் தங்குகிறது. குளிர்ந்த எஞ்சின் குடித்த கூடுதல் பெட்ரோலும் கூடவே தங்கி ஆயிலை நீர்க்கச் செய்கிறது. எரிந்த வாயுக்களின் நைட்ரஜன் ஆக்சைடுகள் அந்த நீரோடு சேர்ந்து அமிலமாகின்றன. இவை எதற்கும் நிறமில்லை.

அமிலத்தை முறிக்கத்தான் ஆயிலில் காரம் சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்தக் காரம் வங்கியில் போட்ட வைப்பு மாதிரி. எடுத்தால் குறையும், தானாக ஏறாது. இந்திய டீசலில் கந்தகம் 350 பிபிஎம் இருந்த பிஎஸ் 3 காலத்தில் இந்த வைப்பு வேகமாகக் கரைந்தது. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் வந்த பிஎஸ் 6 எரிபொருளில் கந்தகம் 10 பிபிஎம் மட்டுமே என்பதால் கந்தக அமிலத்தின் தொல்லை வெகுவாகக் குறைந்தது உண்மை. நைட்ரஜன் வழி வரும் அமிலம் குறைய அது உதவாது. காரம் தீர்ந்தபின் அமிலம் பேரிங்கின் மென்மையான உலோகத்தை அரிக்கத் தொடங்குகிறது. அப்போதும் கேஜில் தெரிவது பழைய பொன்நிறமாகவே இருக்கலாம்.

ஆயில் கெடும் விதம் இன்னொரு வகையிலும் கண்ணை ஏமாற்றக்கூடியது. சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்து எண்ணெய் சிதையாமல் காக்கத் தடுப்புப் பொருள்கள் உண்டு. சூடு 10 டிகிரி கூடினால் சிதைவின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. தடுப்புப் பொருள் இருக்கும் வரை எண்ணெயில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அது தீர்ந்த பிறகு நிலைமை சட்டென்று சரிகிறது: ஆயில் தடிக்கிறது, பிசின் படிகிறது, கசடு சேர்கிறது. கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருப்பவர் எப்போதும் பிந்தித்தான் வந்து சேர்வார். சிஎன்ஜி, எல்பிஜி ஆட்டோக்களில் இது இன்னும் அப்பட்டம். வாயு எரிபொருள் கரியே தராத அளவுக்குச் சுத்தமாக எரிவதால் ஆயில் மாதக்கணக்கில் வெளுப்பாகவே நிற்கும்; எரியறையின் அதிகச் சூட்டில் அது உள்ளுக்குள் சிதைந்துகொண்டிருக்கும். "கேஸ் வண்டிக்கு ஆயில் கெடாது" என்ற பேச்சு ஸ்டாண்டுகளில் உலவுவதற்கு அந்த வெளுப்புதான் காரணம்.

விரலில் தேய்த்துப் பார்ப்பவர்கள் நிறத்தோடு "பசை" பார்ப்பதாகவும் சொல்கிறார்கள். பசை முக்கியம்தான். பேரிங்கில் சுழலும் கிராங்கையும் அதைத் தாங்கும் உலோகத்தையும் பிரித்து நிற்கும் ஆயில் படலம் சில மைக்ரான்தான், சில இடங்களில் ஒரு மைக்ரானை ஒட்டியது. தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அந்தப் படலத்தைக் காப்பது ஆயிலின் பிசுபிசுப்பு. ஆனால் அதை அளக்க வேண்டிய இடம் 100 டிகிரி வெப்பம். 20டபிள்யூ-40 என்ற ஆயிலில் 40 என்ற எண் குறிப்பது, 100 டிகிரியில் அதன் பிசுபிசுப்பு 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்குக்குள் இருக்க வேண்டும் என்பதை. 30 என்ற எண்ணுக்கு அது 9.3 முதல் 12.5 வரை. பட்டறை வாசலின் வெயிலில் அதே ஆயில் நூறு சென்டிஸ்டோக்குக்கும் மேலே நிற்கும். அந்த நிலையில் 30-ஐயும் 40-ஐயும் பிரித்தறியும் விரல் எந்த மனிதருக்கும் இல்லை.

இரு சக்கர வண்டிகளில் இது கூடுதல் முக்கியம். கார்களில் கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில். கியர் வைத்த பைக்குகள் பெரும்பாலானவற்றில் எஞ்சின், கியர், கிளட்ச் பிளேட் மூன்றும் ஒரு லிட்டருக்கும் குறைவான ஒரே ஆயிலில் குளிக்கின்றன. சூட்டில் ஆயில் நீர்த்துவிடாமல் பிடித்து நிறுத்தும் நீண்ட பாலிமர் சங்கிலிகளைக் கியர் பற்கள் கத்தரிபோல நறுக்குகின்றன. 40 ஆகப் போன ஆயில் 30 ஆக இறங்குகிறது. கியர் விழுவது கடினமாகும், ஹெட் சத்தம் கொஞ்சம் ஏறும். நிறத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. காருக்கு வாங்கிய ஆயிலில் மிச்சத்தை பைக்கில் ஊற்றுபவர்களும் நிறத்தையே நம்புகிறார்கள். இரண்டும் ஒரே பொன்நிறம்தான். ஆனால் உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்ந்த கார் ஆயிலில் கிளட்ச் வழுக்கும். பைக் டப்பாவில் ஜாசோ எம்ஏ என்ற குறி இருக்க வேண்டியது அதற்காகத்தான்.

நிறத்தை நம்புவதால் உண்மையில் லாபம் அடைபவர்கள் கலப்படக்காரர்கள். பட்டறைகளில் வடித்த பழைய ஆயிலை அமிலமும் வெளுக்கும் களிமண்ணும் கொண்டு தெளியவைப்பது பழைய நுட்பம். கரி போய்விடும், நிறம் திரும்பிவிடும்; தீர்ந்துபோன சேர்மானங்கள் திரும்பா. அந்த எண்ணெய் பெயர்போன டப்பாவில் அடைபட்டு வந்தால், நிறத்தைப் பார்த்து வாங்கும் ஊரில் அது தடையில்லாமல் விற்கும். காலி டப்பாவைக் கிழித்துப் போடச் சொல்லும் வண்டிக்காரரைச் சந்தேகப் பிராணி என்று சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்க வேண்டியதில்லை. சிவப்பு, பச்சை என்று சாயம் ஏற்றிய ஆயில்களும் கடையில் கிடைக்கின்றன. அந்தச் சாயத்துக்கும் தரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

நிறம் ஓரிடத்தில் மட்டும் உண்மை பேசும். ஆயில் பால் காபிபோல வெளிறிக் கலங்கியிருந்தால் அதில் நிறையத் தண்ணீரோ கூலன்ட்டோ கலந்திருக்கிறது. எஞ்சினை ஓட்டவே கூடாது. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைத் தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று மெக்கானிக்குகள் தலையிலடித்துக்கொண்டது இதற்காகவே. வடியும் ஆயிலில் உலோக மினுமினுப்புத் தெரிவதும் கவனிக்க வேண்டிய குறி. பெட்ரோல் வாடையையும் இதில் சேர்க்கலாம். அனுபவமுள்ள மெக்கானிக்கின் மூக்கு அவர் கண்ணைவிட நம்பத்தக்கது.

ஆயிலின் நிலையை உண்மையில் அறிய வேண்டியவர்கள் நிறத்தை நாடுவதில்லை. ரயில்வே டீசல் ஷெட்களில் லோகோவின் ஆயில் மாதிரி ஆய்வுக்கூடத்துக்குப் போகிறது. இரும்பு, செம்பு, ஈயம் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று நிறமாலைக் கருவி சொல்லிவிடும். எந்தப் பாகம் தேய்கிறது என்பது அதிலிருந்தே தெரியும். அமெரிக்காவின் டென்வர் அண்ட் ரியோ கிராண்டே ரயில்வே 1946-லேயே தொடங்கிய முறை இது. இதைவிட எளியதொரு சோதனையும் உண்டு. ஒரு சொட்டு ஆயிலை வடிதாளில் விட்டுச் சில மணி நேரம் ஊறவிடுவார்கள். கறுப்பு ஓரம்வரை மெல்லப் பரவி மங்கினால் சிதறல் பொருள் இன்னும் வேலை செய்கிறது. கறுப்பு நடுவில் கூர்மையான விளிம்போடு திட்டாக நின்று, சுற்றிலும் வெறும் எண்ணெய் மட்டும் பரவினால் அது தோற்றுவிட்டது. இரண்டு சொட்டும் கேஜில் ஒரே கறுப்பாகத் தெரிந்தவைதான்.

சொந்த வண்டி வைத்திருப்பவருக்கு ஆய்வுக்கூடம் கிடையாது. தயாரிப்பாளர் ஏற்கெனவே ஆய்ந்து கையேட்டில் எழுதிய இரண்டு எண்கள் இருக்கின்றன: கிலோமீட்டர், மாதம். இந்தியக் கார்கள் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அது. குறுகிய தூர ஓட்டம், புழுதி, நெரிசலில் நின்று நின்று போவது ஆகியவற்றைக் கையேடுகள் கடும் பயன்பாடு என்று வகைப்படுத்தி இடைவெளியைக் குறைக்கச் சொல்கின்றன. சந்தைக்குப் போய்வரும் அந்த ஸ்கூட்டர் இந்தக் கணக்கில் கடும் உழைப்பாளி. முதல் சர்வீஸில் 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் "நல்ல ஆயிலைக் கொட்டுகிறார்களே" என்று வருந்துவதும் நிறத்தால் வரும் வருத்தம்தான். புது எஞ்சினின் பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் உலோகத்தூள் அந்த ஆயிலில் இருக்கிறது.

"குறைந்ததை ஊற்றினால் போதும்" என்பதும் மாற்றாகாது. ஊற்றுவது அளவை நிரப்பும். பழைய ஆயிலின் அமிலமும் கசடும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

மாற்றுவது எளிய வேலை. எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்தால் கசடும் சேர்ந்து இறங்கும். ஃபில்டர் உள்ள வண்டியில் அதையும் மாற்ற வேண்டும். அளவு பார்க்கும்போது பைக்கை நேராக நிறுத்திப் பார்க்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் பார்த்தால் அளவு தவறும். மாற்றிய நாளையும் அப்போதைய கிலோமீட்டரையும் மார்க்கர் பேனாவால் சீட்டுக்கு அடியில் எழுதிவைத்தால் அடுத்த முறை டிப்ஸ்டிக் நுனியை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்க்கும் தேவை இருக்காது.