மிஸியைத் தண்டித்துவிட்டால் போதுமா?

வைத்தியசாலையில் ஓர் உயிர் அநியாயமாகப் போய்விட்டால் செங்கலடிச் சந்தியில் தீர்ப்பு உடனே வந்துவிடும்: "அந்த மிஸி கவனிக்கவில்லை." வைத்தியரைக் குறைகூற அஞ்சும் நாவு, தாதியைக் குறைகூற மட்டும் அஞ்சுவதில்லை. சந்திப் பேச்சை மன்னிக்கலாம். அதையே தலைப்பாக்கும் பத்திரிகைகளை என்ன செய்வது?

2023 செப்டெம்பரில், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் காய்ச்சலுக்குச் சிகிச்சை பெற்ற எட்டு வயதுச் சிறுமியின் இடது கை அகற்றப்பட்டது. கனுலா ஏற்றியதில் தவறு நேர்ந்தது என்பது குற்றச்சாட்டு. தாதி ஒருவர் விசாரணைக்கு உட்பட்டார். விசாரணை தேவையே, அந்தப் பிள்ளைக்கு நீதி வேண்டும். ஆனால் அத்தகைய ஓர் இரவில் விடுதியில் எத்தனை நோயாளர், எத்தனை தாதியர், பொறுப்புத் தாதி யார், கை வீங்குகிறது என்று பெற்றோர் சொன்னால் அந்தச் செய்தி எவருடைய காதுவரை போகும் என்ற கேள்விகளையும் கேட்டாலல்லவா அது நீதியாகும்?

வசதி குறைந்த நாடென்பதால்தான் இப்படி என்று எவரும் சமாதானம் கூற வேண்டாம். 2005 மார்ச்சில் இங்கிலாந்தில் எலெய்ன் புரோமிலி என்ற 37 வயதுத் தாய் சாதாரண சைனஸ் சத்திரசிகிச்சைக்குச் சென்றார். மயக்க மருந்து கொடுத்தபின் சுவாசப்பாதை அடைபட்டது. அனுபவம் மிக்க நிபுணர் மூவர் தொண்டைக்குள் குழாய் செலுத்துவதிலேயே முனைந்து நின்றனர். நேரம் போவதை உணரவில்லை. கழுத்தில் துளையிடும் கருவிகளைத் தாதி ஒருவர் கொண்டுவந்து, ஆயத்தம் என்றும் அறிவித்தார். எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் ஒதுக்கச் சொன்னார். வைத்தியர்களின் முகக்குறிப்பைக் கண்டு அதையும் இரத்துச் செய்தார். பதின்மூன்று நாட்களின்பின் எலெய்ன் இறந்தார். செய்ய வேண்டியது இன்னதென்று தாதியருக்குத் தெரிந்திருந்தது; அதை எப்படி எடுத்துச் சொல்வதென்றுதான் தெரியவில்லை. விமானியான அவரது கணவருக்கு இந்த நோய் புரிந்தது. துணை விமானி வாய்திறக்கத் தயங்கியதால் விமானங்கள் விழுந்த வரலாறு அவர் படித்த பாடமல்லவா? அவர் பழிவாங்க முனையவில்லை. சுகாதாரத் துறை இதிலிருந்து கற்க வேண்டுமென்று ஓர் அமைப்பையே தொடங்கினார்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 வைத்தியசாலைகளை ஆராய்ந்து லின்டா எய்கன் குழுவினர் 2002இல் வெளியிட்ட முடிவு இது: ஒரு தாதியின் பொறுப்பில் மேலும் ஒரு நோயாளர் கூடினால், சத்திரசிகிச்சை பெற்றோர் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்கிறது. 2022 பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் நம் தாதியர் பலர் கடல் கடந்தனர். எஞ்சியோரின் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

வந்தாறுமூலையில் தலைமையகம் கொண்ட கிழக்குப் பல்கலைக்கழகம் தாதியியலில் பட்டம் வழங்குகிறது. அந்தப் பட்டதாரி விடுதிக்குள் நுழைந்ததும் "சொன்னதைச் செய்" என்றால் பட்டம் எதற்கு? நம் அரச வைத்தியசாலைகளின் தலைமைக் கதிரை வைத்தியருக்கே உரியது. மேற்றனிடம் கேட்கப்படுவது பணிமுறைப் பட்டியலும் படுக்கை விரிப்புக் கணக்கும். (கொடுப்பனவுக்காக வேலைநிறுத்தம் செய்யும் சங்கங்கள், ஓர் இரவில் ஒரு தாதிக்கு எத்தனை நோயாளர் என்ற வரம்புக்காக ஒருநாள் வீதிக்கு வந்தால் நானும் பதாகை பிடிப்பேன்.)

பதுளை வீதியில் கறுத்தப்பாலத்துக்கு அப்பாலிருந்து ஒரு நோயாளி செங்கலடி வைத்தியசாலைக்கு வந்து சேரும்போதே மணித்தியாலங்கள் கழிந்திருக்கும். அவர் நிலை மோசமாவதை முதலில் காண்பவர் கட்டிலருகே நிற்கும் தாதி. "இப்போதே மட்டக்களப்புக்கு அனுப்ப வேண்டும்" என்று அவர் சொல்வது அதிகப்பிரசங்கித்தனமாகக் கருதப்படக்கூடாது; அது பதிவேட்டில் எழுதப்பட வேண்டும், வைத்தியர் அதற்குப் பதில் எழுத வேண்டும். தவறை அறிவிக்கும் தாதிக்கு இடமாற்றக் கடிதம் வரக்கூடாது. இறப்பு விசாரணைக் குழுவில் மேற்றன் சாட்சியாக அல்ல, உறுப்பினராக அமர வேண்டும். இதற்கு வெளிநாட்டு நிதி தேவையில்லை. சுகாதார அமைச்சின் ஒரு சுற்றுநிருபம் போதும்.