"மாத்திப் பார்ப்போம்" என்றால் எங்கள் காசில்தான்



2020 மார்ச்சில் நிறுத்திய கார் இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். திறந்தும் என்ன, வரியைப் பார்த்தால் நமக்குப் பழைய கார்தான் கதி. அது இடைக்கிடை மிஸ் அடித்தால் கராஜில் ஒரே பேச்சு: "பிளக்கை மாத்திப் பார்ப்போம், கொயிலை மாத்திப் பார்ப்போம்." பார்ப்பது அவர்கள், காசோடு பஞ்சிகாவத்தைக்கு ஓடுவது நாம்.

இதை நாம் ஏற்கக் கூடாது. முதலில் சோதனை, பிறகுதான் சாமான். ஸ்கேனரில் பி0302 வந்தால் இரண்டாம் சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்று மட்டுமே அர்த்தம்; கொயில் பழுது என்றல்ல. பிளக்குக்கு ஒரு கொயில் உள்ள எஞ்சினென்றால் இரண்டாம், மூன்றாம் கொயில்களை இடம் மாற்றி, மறுபடி மிஸ் அடிக்கும்வரை ஓட்டுங்கள். கோட் பி0303 ஆனால் கொயில்தான். மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் என்று தேட வேண்டும். மிஸ் அடிப்பது குளிரிலா, சூட்டிலா, மழையிலா, ஏற்றத்திலா என்று நாமும் குறித்துக் கொடுப்போம்.

சோதித்துச் சொல்லும் பாஸ்மாரும் இருக்கிறார்கள். "ஒன்றும் மாற்றவில்லையே" என்று அவர்களின் கூலியில் பேரம் பேசாதீர்கள். கண்டுபிடித்ததுதான் வேலை. காரணம் சொல்லாமல் சாமான் மாற்றுபவருக்குச் சாவியைக் கொடுக்காதீர்கள்.